குடும்ப வரலாறும் நமது கடமையும்

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் மன்னர்களும் போர்களும் கோட்டை கொத்தளங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாம் கற்றதும் அவ்வாறே; கற்பித்து வருவதும் பெரும்பாலும் அவ்வாறே. ஆயினும் ஒரு சமுதாயத்தின் மெய்யான வரலாறு அதன் குடும்பங்களின் வரலாற்றில் அடங்கியுள்ளது. வெள்ளி விழாக் காணும் நமது கல்விச் சங்கத்தின் இளைஞர் ஒருவரை நோக்கி, "உன் பாட்டனாரின் தந்தை பெயர் யாது? அவர் எவ்வூரில் வாழ்ந்தார்? என்ன தொழில் செய்தார்?" என்று வினவினால், மூன்றுக்கும் விடை கூறுவோர் மிகச் சிலராகவே இருப்பர். இஃது இளைஞர்களின் குற்றமன்று. கல்லிலும் செப்பேட்டிலும் பெயர் பொறித்து வைக்கும் வாய்ப்பு நம் முன்னோர்க்குக் கிட்டவில்லை. ஆனால் அவர்களுடைய பெயர்கள் எங்குமே எழுதப்படவில்லை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. எழுதப்பட்ட இடங்கள் உள்ளன. அவற்றைத் தேடும் முறையும் உள்ளது. அத்தேடலைத் தனியொருவராக அன்றிச் சங்கமாகக் கூடிச் செய்தால் பயன் பெரிது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பிற நாடுகளில் நடந்தது

இங்கிலாந்தில் இதற்கெனவே குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் மாவட்டந்தோறும் இயங்குகின்றன. 1911-இல் இலண்டனில் மரபுவழி ஆய்வுக் கழகம் தோன்றியது; 1974-இல் உள்ளூர்ச் சங்கங்களுக்கென ஒரு கூட்டமைப்பும் ஏற்பட்டது. உறுப்பினர் மாதந்தோறும் கூடுவர், சொற்பொழிவு கேட்பர், தமது ஊர்த் தேவாலயப் பதிவேடுகளைப் படியெடுத்து அகரவரிசைப்படுத்துவர், இடுகாட்டுக் கற்களில் உள்ள எழுத்துகள் மழையிலும் பாசியிலும் அழியுமுன் அவற்றை எழுதி வைப்பர், புதியவர்க்குத் தேடும் முறையைச் சொல்லித் தருவர். அந்நாட்டுத் தேவாலயங்களில் 1538 முதல் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் எழுதப்பட்டு வந்துள்ளன. 1841 முதல் எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் வீடுதோறும் ஆட்களின் பெயர்கள் உண்டு. நூறாண்டு கழிந்தபின் அவற்றை எவரும் பார்க்கலாம். எழுதி வைக்கப்பட்ட மக்களுக்கு இவ்வேலை எளிது.

எழுதி வைக்கப்படாத மக்கள் என் செய்தனர்? அமெரிக்கக் கறுப்பின மக்களின் முயற்சி நமக்கு நல்ல பாடமாகும். 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் அங்கு அடிமைகளைத் தனிப்பட்டியலில் எண்ணினர். அப்பட்டியல்களில் உடைமையாளர் பெயர் உண்டு. அடிமையின் வயதும் பாலும் நிறமும் உண்டு. பெரும்பாலும் அடிமையின் பெயர் இல்லை. 1865-இல் அடிமை முறை ஒழிந்தபின், 1870-ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் அம்மக்களுள் பெரும்பாலோர் முதன்முறையாகத் தத்தம் பெயருடன் இடம்பெற்றனர். 1870-க்கு அப்பால் செல்ல முயல்வோர்க்கு அந்த ஆண்டு ஒரு மதிற்சுவர் போலக் குறுக்கே நின்றது.

அச்சுவரைத் தாண்டும் பொருட்டு 1977-இல் வாஷிங்டன் நகரில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று மரபுவழிச் சங்கம் நிறுவப்பட்டது. அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் டென்ட் வாக்கர் என்பவர் அதற்கு முன்னின்றார். விடுதலை பெற்றோர் நலனுக்காக 1865-இல் அமைக்கப்பட்ட அரசுத் துறையின் ஏடுகளில் கூலி ஒப்பந்தங்களும் திருமணப் பதிவுகளும் பள்ளிக் குறிப்புகளும் நிறைந்திருந்தன. 2015-லும் 2016-லும் அவ்வேடுகளை 25,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் பகிர்ந்துகொண்டு படித்து, ஏறத்தாழ 18 இலட்சம் பெயர்களை வரிசைப்படுத்தினர். இச்சங்கமும் அப்பணியில் பங்கு கொண்டது. ஊதியம் பெறாத சாதாரண மக்கள் மாலை வேளைகளில் செய்த வேலை அது.

கப்பலேறியவர்களின் ஏடுகள்

இனி நம் நிலையைப் பார்ப்போம். ஊரில் இருந்தவரை நம் முன்னோரின் பெயரைக் கேட்டு எழுதியவர் அரியர். ஊரை விட்டுக் கடல் கடந்தபோதோ, கரும்புத் தோட்ட முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தமையால், ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர்; அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர். கப்பற் பட்டியலில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள தழும்பு ஆகியவை வரிசையாகக் குறிக்கப்பட்டன. மொரீசியஸ் தீவில் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய குடியேற்ற ஏடுகளைக் காத்து வருகிறது. அங்கே பலருடைய நிழற்படங்களும் உள்ளன.

"கப்பலேறிப் போனார், திரும்பவே இல்லை" என்று நம் வீடுகளில் பேசப்படும் பெரியவர்கள் பலர். அவர்களின் மரபினர் இன்று ஊர்ப் பெயர் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தமிழகத்தில் உறவைத் தேடி வருகின்றனர். நம் ஊர்க் குடும்பங்களின் பட்டியல் நம்மிடம் இருந்தால் இரு கரைகளையும் இணைக்கலாம். இவ்வேடுகளைப் படிப்போர்க்கு எச்சரிக்கை ஒன்று: எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதினர், கப்பலேறும்போது பெயரையும் சாதியையும் மாற்றிக் கூறியவர்களும் உண்டு. ஆகவே பெயர் ஒத்திருப்பதை மட்டும் கொண்டு உறவை முடிவு செய்தல் ஆகாது.

நிலத்தின் ஏடுகள்

குடும்ப வரலாறு வெறும் பெருமைக்குரிய செய்தியன்று, உரிமைக்குரிய சான்றுமாகும். 1891 அக்டோபரில் செங்கற்பட்டு ஆட்சித்தலைவராக இருந்த ட்ரெமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை விளக்கிச் சென்னை அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலமின்மையே அவர்தம் அடிமை நிலைக்கு வேர் என்பதை அது எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் அரசாணை பிறந்தது. தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டன. முதற் பத்தாண்டுகள் அந்நிலத்தை எவருக்கும் விற்றல் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்றல் கூடாது என்பது நிபந்தனை. மக்கள் அதனைப் பஞ்சமி நிலம் என்றனர். நிபந்தனையை மீறி அந்நிலங்கள் பிறர் கைக்குப் போன கதையை நாம் அறிவோம். அவற்றை மீட்கும்பொருட்டுக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில், ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தனர்.

இந்நில வழக்குகளில் குடும்ப வரலாறு எங்கே வந்து சேர்கிறது? பழைய நிலப்பதிவேட்டில் 'முனியன் மகன் சின்னான்' என்று ஒரு பெயர் இருப்பதாகக் கொள்வோம். அந்தச் சின்னான் யார், அவருடைய மக்கள் யார், இன்று அவர் வழியில் வாழ்வோர் யார் என்று வரிசையாகக் காட்ட இயலாவிட்டால், ஏட்டில் இருக்கும் பெயர் ஏட்டளவிலேயே நின்றுவிடும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் நம்மிடம் உள்ளமையால், ஒரே குடும்பத்தில் சின்னான்கள் மூவர் இருப்பர். அவர்களைப் பிரித்தறிவதற்கும் தலைமுறைப் பட்டியலே துணை. 1980-களில் நிலவுடைமைப் பதிவுகள் புதுப்பிக்கப்படுவதற்கு முந்திய பதிவேடுகளையும், பிந்திய அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி படிகள் கோரலாம். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகள் காக்கப்படுகின்றன.

அருகிலுள்ள சான்றுகள்

தொலைவில் உள்ளவற்றைத் தேடுமுன் அருகில் உள்ளவற்றைத் தேடுதல் அறிவுடைமை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு நாம் நாள்தோறும் கையாளும் ஏடு. மாணவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள், ஊர், முன்பு படித்த பள்ளி ஆகியன அதில் உள்ளன. மக்கள் 'லேபர் ஸ்கூல்' என்றழைத்த பழைய பள்ளிகளின் பதிவேடுகளில், ஒரு குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தவர் எந்த ஆண்டில் பள்ளிக்குள் நுழைந்தார் என்பதைக் காணலாம். அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தின் கல்வெட்டு எனத் தகும். கிறித்துவ சமயம் தழுவிய குடும்பங்களுக்குத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகள் உள்ளன. கோலார் தங்க வயலில் உழைத்தோர் வீடுகளில் பணிச் சான்றுகளும், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தோர் வீடுகளில் குடும்ப அட்டைகளும் பெட்டியின் அடியில் கிடக்கும். அவற்றைக் கறையான் தின்னுமுன் படியெடுத்தல் நலம்.

நம் இடுகாடுகளில் எழுத்துப் பொறித்த கற்கள் அரிது. ஆயினும் வேறு சான்றுகள் உள. குலதெய்வக் கோயில் எவ்வூரில் உள்ளதோ அவ்வூரே பெரும்பாலும் குடும்பம் பெயர்ந்து வந்த பழைய ஊர். அங்கே பொங்கலிடக் கூடும் பங்காளிகளைக் கேட்டால் பிரிந்துபோன கிளைகள் தெரியவரும். மூதாட்டியர் பாடும் ஒப்பாரியில் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் உடன்பிறந்தார் பெயரும் வரும். இக்கருவூலம் அவர்களோடு மறைந்துவிடும். ஆதலின் இதுவே முதலிற் செய்யத்தக்கது.

சங்கம் செய்யத்தக்கன

முதலாவதாக, ஒவ்வொரு குடும்பத்திற்கும் நான்கு தலைமுறைத் தாள் ஒன்று அச்சிட்டு வழங்கலாம். தந்தை வழியோடு தாய் வழியையும் அதில் எழுதுதல் வேண்டும். பெண்டிர் பெயர் விடுபட்ட வரலாறு பாதி வரலாறே. இரண்டாவதாக, எழுபது வயது கடந்த பெரியோரின் பேச்சை இளைஞர்கள் கைபேசியிற் பதிவு செய்து, சொன்னவர், நாள், இடம் ஆகியவற்றைக் குறித்து வைக்கலாம். மூன்றாவதாக, பழைய பட்டா, சான்றிதழ், நிழற்படம் ஆகியவற்றைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே திருப்பித் தரவேண்டும். நான்காவதாக, இவற்றுக்கெல்லாம் அகரவரிசைப் பட்டியல் ஒன்று அமைத்து, நமது படிப்பகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்கலாம். குடும்பத்தார் வெளியிட விரும்பாத செய்தியை அவர் இசைவின்றி வெளியிடலாகாது.

இரண்டு தவறுகளினின்றும் நாம் விலகி நிற்றல் வேண்டும். ஒன்று கற்பனை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி தம் முன்னோரைத் தேடி எழுதிய 'வேர்கள்' 1976-இல் வெளிவந்து பல்லாயிரவரைத் தம் குடும்ப வரலாறு தேடத் தூண்டியது. ஆயினும் அதில் கூறப்பட்ட மரபுத்தொடர் பல இடங்களில் ஆவணங்களோடு ஒத்துவரவில்லை என ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். சான்றில்லாததை எழுதினால் சான்றுள்ளதையும் பிறர் ஐயுறுவர். 'ஆண்ட பரம்பரை' என்று புனைந்துகொள்ளும் தேவை நமக்கில்லை. மற்றொன்று நாணம். பழைய ஏடுகளில் நம்மவர் பெயருக்கு எதிரே இழிசொற்களும் 'அடிமை', 'பண்ணையாள்' என்னும் குறிப்புகளும் காணப்படலாம். அவற்றை மறைக்க வேண்டுவதில்லை. அந்த இழிவு எழுதியவர்களைச் சாருமேயன்றி எழுதப்பட்டவர்களைச் சாராது. அந்நிலையிலும் மக்களைப் பெற்று வளர்த்து, பேரர்களைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் அவர்கள்.

இளைஞர்களே, இம்மலரைப் படித்து முடித்ததும் வீட்டில் வயது முதிர்ந்தவர் அருகில் சென்று அமருங்கள். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துச் செல்லுங்கள். அவருடைய தாய் பெயரை முதலிற் கேளுங்கள். நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், நமது சமுதாயக் குடும்பங்களின் பெயர்கள் யாவும் அடங்கிய நூலொன்று சங்கப் படிப்பகத்தில் இருத்தல் வேண்டும். பிறர் எழுதாது விட்டதை நாமே எழுதுவோம்.