796-க்குள் 1298

ஆர்.சி. புக்கில் 796 சிசி. பானெட்டைத் திறந்தால் 1298. தமிழ்நாட்டுச் சாலைகளில் இப்படி ஓடிய, இன்னும் ஓடுகிற பழைய மாருதி 800-களுக்கு எந்த அலுவலகத்திலும் கணக்குக் கிடையாது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் செய்தது குற்றம். செய்தவர்கள் எழுதிவைக்கவில்லை, எழுதிவைத்த ஒரே தாள் பொய் சொல்கிறது. இந்த வரலாற்றை கிரீஸ் படிந்த கைகளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பெரிய இஞ்சின் ஆசை 800-உடன் பிறந்ததல்ல. அம்பாசடர் என்பது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் 1950-களின் உடம்பு. 1979-இல் மார்க் 4 வந்தபோது அதே உடம்புக்குள் கம்பெனியே 1489 சிசி டீசல் இஞ்சினை வைத்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இஞ்சினும் உள்ளே போனது. கான்டெசாவுக்கும் அதே கதை: ஆள் பெரிசு, மூச்சு சின்னது, இசுசு வந்த பிறகுதான் அந்தக் கார் நிமிர்ந்தது. வெளிநாட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-இல் 848 சிசியோடு வந்த மினியை ஜான் கூப்பர் கையில் எடுத்தார்; 1964-இல் 1071 சிசி கூப்பர் எஸ் மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது. கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் புது மாடல். பட்டறை செய்தால் வேறு பெயர்.

800-க்கு வருவோம். 1983 டிசம்பரில் முதல் கார் சாவி கைமாறியது. மூன்று சிலிண்டர், 40-க்கும் குறைவான குதிரைத்திறன், நான்கு கியர். எடை 650 கிலோ சொச்சம்தான் என்பதால் ஊருக்குள் துள்ளிக்கொண்டு போகும். நாலு பேரோடு ஏசியும் போட்டு மதுரையிலிருந்து விருதுநகர் வரும்போதுதான் லாரியை ஓவர்டேக் பண்ண இரண்டு முறை யோசிக்க வைக்கும். (அந்தச் சின்ன இஞ்சினைக் குறைத்துப் பேசவும் மனசு வரவில்லை. கோவையின் கரிவர்தன் அதைவைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைச் செய்தார். நாராயண் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான்.)

1993-இல் ஜென், 1994-இல் எஸ்டீம். வாசல் திறந்தது அங்கேதான். எஸ்டீமின் 1298 சிசி ஜி13 இஞ்சின் முதலில் 65 குதிரைத்திறன், பிறகு எம்.பி.எஃப்.ஐ. வந்தபோது சுமார் 85. ஜென்னின் 993 சிசி இஞ்சினும் அதே ஜி குடும்பம், அண்ணன் தம்பி மாதிரி. அதனால் ஜென்னுக்குள் எஸ்டீம் இஞ்சின் அதிகம் சண்டை போடாமல் உட்காரும். 800-இல் அப்படி இல்லை. மூன்று சிலிண்டர் இருந்த அகலத்தில் நான்கை நுழைக்க வேண்டும். மவுண்ட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, புதிதாக அடிக்க வேண்டும். கியர் பாக்ஸும் எஸ்டீமுடையது, டிரைவ் ஷாஃப்ட்டை அதற்கேற்பச் சேர்க்க வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், இல்லையென்றால் நம்ம ஊர் சித்திரை வெயிலில் முள் சிவப்பைத் தொட்டுவிடும். எம்.பி.எஃப்.ஐ. என்றால் வயரிங், இ.சி.எம். எல்லாம் மொத்தமாகப் பெயர்த்துவர வேண்டும். விபத்தில் அடிபட்ட எஸ்டீம் ஒன்று புதுப்பேட்டைப் பக்கம் பிரிபட்டால்தான் இங்கே ஒரு 800-க்கு மறுபிறவி.

இவ்வளவும் பண்ணிவிட்டுப் பலர் விடுவது பிரேக்கை. "அண்ணாச்சி, இஞ்சினுக்குக் கொடுத்த காசுல பாதியவாவது பிரேக்குக்குக் கொடுங்க" என்று சொல்கிற மெக்கானிக்தான் நல்ல மெக்கானிக். இரண்டு மடங்கு பலத்தைப் பழைய பிரேக்கும் 12 அங்குலச் சக்கரமும் பிடித்து நிறுத்த வேண்டும்.

சட்டம் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் வேறு மொழியில். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, 2000-இல் திருத்தப்பட்ட வடிவத்தில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. ஜெர்மனியில் இதே வேலையைச் செய்தவர் பரிசோதகரிடம் வண்டியைக் காட்டி, தேறினால் தாளிலேயே பதிந்துகொள்ளலாம். பிரிட்டனில் இஞ்சின் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே அந்தக் கதவு இல்லை. அதனால் நன்றாகச் செய்தவனும் அரைகுறையாகச் செய்தவனும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க ஒரு காரணம் தயாராக இருக்கிறது. அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு சிசி கணக்கு எதுவும் தெரியாது.

சிவகாசிப் பக்கத்து ஆட்களிடம் இதை லேசாகப் பேச முடியாது. தாளில் ஒன்று, உள்ளே ஒன்று என்பதன் விலை இந்த மண்ணுக்குத் தெரியும். ஓர் அறையில் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்று பட்டாசு ஆலை உரிமத்தில் எழுதியிருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆலை அது என்று செய்திகள் சொல்லின. அதற்குப் பிறகு இங்கே ஒருவர் "தாள்தானே" என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் பதறுகிறது. ஆனால் தாளை நிஜத்தோடு ஒத்துப்போகச் செய்ய வழியே வைக்காத சட்டத்தின் மேலும் கோபம் வருகிறது.

2014 ஜனவரியில் 800-இன் தயாரிப்பு நின்றது. சொந்தக் கார்களுக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இஞ்சின் மாற்றுகிறவர்களில் விவரமானவர்கள் பழைய 796-ஐ விற்பதில்லை. சாக்கில் சுற்றி, உள்ளே ஆயில் ஊற்றி, பட்டறை மூலையில் போட்டு வைப்பார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிற அன்றைக்கு அது மறுபடி வண்டியேறும்.