தூண்டில் பிடியும் மம்பட்டிப் பிடியும்

போன வாரம் இங்கிலாந்தில் இருக்கிற எங்க அண்ணன் மகன் மூணு படம் அனுப்பியிருந்தான். மூணும் கெண்டை பிடிக்கிற தூண்டில் கம்பு. "சித்தப்பா, கம்பெல்லாம் ஒண்ணுதான், பிடி மட்டும்தான் வேற. எதை வாங்கட்டும்?"னு கேட்டிருந்தான். ஒன்றில் பிடி முழுக்கக் கார்க். இன்னொன்றில் கறுப்பு நுரை ரப்பர். மூணாவதில் ரீல் மாட்டுற இடத்திலும் அடிமுனையிலும் மட்டும் பிடி, நடுவில் வெறுங்கம்பு.

நான் கண்மாயில் மூங்கில் கழியும் நரம்புமாகத் திரிந்த ஆள். நம்ம தூண்டிலுக்குப் பிடின்னு தனியா ஏது? ஆனா பிடியோட அருமை எனக்குத் தெரியும். நாலு வருஷம் முன்னாடி மம்பட்டியோட மரப்பிடி உடைஞ்சப்போ, காசு மிச்சம்னு இரும்புக் குழாயை மாட்டினேன். ஒரே மாசத்தில் உள்ளங்கை கொப்புளிச்சு, ராத்திரியில் விரல் மரத்துப்போச்சு. கருவேலம்பிடி போட்ட பிறகுதான் சரியாச்சு. அதனால பையன் கேட்டதைச் சும்மா விடலை, தேடிப் படிச்சேன்.

நீங்க மார்க்கெட்டில் பார்க்கிற சாதாக் கெண்டைதான் இது. நம்ம நீலகிரிக்கு 1939-ல் கொண்டுவந்து விட்டார்கள். இங்கிலாந்தில் அது ரொம்பப் பழைய மீன். ஆனாலும் பெரிய கெண்டையைத் தூண்டிலில் பிடிப்பது நடக்காத காரியம் என்றுதான் அங்கே பலர் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பை உடைத்தவர் ரிச்சர்ட் வாக்கர். 1952 செப்டம்பர் 13 அன்று ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார். நம்ம கணக்கில் ஏறத்தாழ 20 கிலோ. அது உயிரோடு லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போனது. 1980 வரை அந்த எடையை அங்கே யாரும் தாண்டவில்லை.

அவருடைய கம்பு அவரே வடிவமைத்தது. பெயர் மார்க் ஃபோர். சீனத்து மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி ஒட்டிய பத்தடிக் கம்பு. பிடி நீளமான கார்க். கார்க் என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல், சுமார் ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிப்பார்கள், திரும்ப வளரும். ஈரத்தில் வழுக்காது, குளிரில் கையைச் சில்லிட வைக்காது.

கம்பைத் தாங்கியில் வைத்துவிட்டு உட்கார்ந்தால், மீன் இழுக்கும்போது சத்தம் கொடுக்கிற மின்கருவியையும் வாக்கரே செய்தார். கைக்கு வேலை குறைய ஆரம்பித்தது அங்கேதான். 1980 வாக்கில், இரையை முள்ளில் குத்தாமல் வெளியே சிறு இழையில் தொங்கவிடும் முறை வந்தது. கனமான ஈயக்குண்டும் சேர்ந்தால் மீன் தானாகவே மாட்டிக்கொள்ளும். கம்பும் கார்பன் இழைக்கு மாறி 12 அடியாக நீண்டது. தூரமாக வீசும்போது ஒரு கை ரீல் பக்கம், மறு கை அடிமுனையில். நடுப்பிடியை யாருமே தொடுவதில்லை. தொடாத இடத்துக்குப் பிடி எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். அந்த மூணாவது கம்பு இப்படி வந்ததுதான்.

இதைப் படிச்சிட்டு அவனிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "தாங்கியில வச்சிட்டு உட்காருவியா, கையில வச்சிருப்பியா?"

"உட்கார நேரம் ஏது சித்தப்பா. சாயங்காலம் ரெண்டு மணி நேரம், கரையோரமா நடந்துக்கிட்டே பிடிப்பேன். அந்தக் கொஞ்ச நேரந்தான் கம்ப்யூட்டரை விட்டு கை வெளிய வருது" என்றான்.

"அப்போ கார்க்கை எடுப்பா. வாங்குமுன்னாடி விரலால தடவிப் பாரு. பொத்தல்களை மாவு மாதிரி வச்சு அடைச்சிருந்தா மட்டக் கார்க், பின்னாடி உதிர்ந்துடும். ரீலைப் பிடிச்சா அடிமுனை முழங்கையில இடிக்காம, முன்கையோட ஒட்டி நிக்கணும். உட்கார்ந்து பிடிக்கிறவனா இருந்தா மூணாவதே போதும்னு சொல்லியிருப்பேன்" என்றேன்.

விலை கூடுதல்தான் என்று கொஞ்சம் இழுத்தான். என் இரும்புக் குழாய் கதையைச் சொன்னேன். அந்தக் குழாய் இன்னும் மாட்டுக் கொட்டகை மூலையில்தான் கிடக்கு.