பொதியில் ஏறினோர்

தமிழிலக்கியத்தில் பொதியிலைப் போலப் பன்முறை பாடப்பெற்ற மலைகள் சிலவே. தென்றலும் சந்தனமும் அகத்திய முனிவனும் அதனோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. எனினும், அம்மலைமேல் ஏறியவர் யாவர், அவர்க்கு வழிகாட்டியவர் யாவர் என்னும் வினா நம் ஆராய்ச்சியாளரிடையே அருகியே எழுந்துளது. அதனை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

இன்று கேரளத்தார் அகத்தியர்கூடம் என வழங்கும் இம்முடி 1868 மீட்டர் உயரமுடையது. இரு மாநிலங்களின் எல்லையை ஒட்டி நிற்பது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டினரான தாலமி குறிக்கும் பெத்திகோ என்னும் மலை இதுவே எனக் கால்டுவெல் துணிந்தார்.

பொதியில் என்னும் சொல்லே ஆராய்தற்குரியது. பட்டினப்பாலையில் அச்சொல் ஊர்ப்பொது அம்பலத்தைக் குறிக்கின்றது. ஊருக்குப் புதியராய் வந்தோர் தங்குமிடமாகவும் அது கூறப்படுகின்றது. பொது, இல் என்பனவே அதன் உறுப்புகள் என்பது வெளிப்படை. சப்பானிய அறிஞர் சூ ஹிகோசாகா, போதி இல் என்பதே பழைய வடிவம் எனக் கொண்டு, பௌத்தர் போற்றும் போதலக மலை இதுவே என்றார். நெட்டுயிர் குறுகியதற்கு அவர் காட்டும் காரணம் நமக்கு நிறைவளிக்கவில்லை. ஆயினும், அகத்தியனுக்குத் தமிழறிவித்தவன் அவலோகிதன் என வீரசோழியம் கூறுதலின், அவர் கருத்தை முற்றத் தள்ளுதலும் இயலாது. 7-ஆம் நூற்றாண்டில் இந்நாடு போந்த சீனப் பயணி யுவான் சுவாங், போதலகத்தின் இடர்மிகு வழிகளையும், உயிரைப் பொருட்படுத்தாது ஏறும் அடியாருள் மேலே சென்றடைவோர் மிகச் சிலரே என்பதையும் எழுதியுள்ளார். அவர் கூறும் உச்சியேரி பொதியில் முடியிற் காணப்படாமை இக்கொள்கைக்குப் பெருந்தடையாகும்.

இவற்றினும் நம் கருத்தை ஈர்ப்பது புறநானூற்றின் 128-ஆம் பாட்டு. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மழைமுகில் தவழும் அவன் பொதியிலை ஆடுமகள் அணுகலாமேயன்றிப் பெருமிதமுடைய மன்னர் அணுகுதல் அரிது என்கின்றார். இது வேந்தனது மறத்தையும் கொடையையும் ஒருங்கே போற்றியதேயன்றி, மலைவழக்கைக் கூறியதன்று எனலாம். ஆயினும், பெண்டிர் அம்மலையை அணுகலாகாது என்னும் விலக்கு அக்காலத்து வேரூன்றியிருப்பின், புலவர் இவ்வுவகையைத் தேர்ந்திரார் என்பது எம் கருத்து.

பின்னைய ஏற்றங்களுள் குறிக்கத்தக்கது ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காத்லாந்து அறிஞருடையது. திருவிதாங்கூர் அரசரின் வானாய்வகத் தலைவராயிருந்த இவர், 1855-இல் இம்முடியில் ஓர் ஆய்வகம் அமைத்தார். காந்த ஊசியின் விலக்கம் தாழ்நிலத்திலும் மலையுச்சியிலும் வேறுபடுமோ எனக் காண்பது அவர் நோக்கம். திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த அளவுகள் 1874-இல் நூலாயின. கருவிகளை யானைக்காட்டினூடே மேலே சுமந்தவர் பலராதல் வேண்டும். காந்த அளவுகள் எண்ணெண்ணாய்ப் பதிவுபெற்றன. சுமந்தவரை வரலாறு மறந்தது.

இன்று மலையேறுவோர் சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள பருவத்தில், வனத்துறையின் இசைவுபெற்றுப் போணக்காட்டிலிருந்து புறப்படுவர். அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் பொங்கலப்பாறையைக் கடந்து, இறுதிப் பாறைச்சரிவைக் கயிறு பற்றி ஏறுவர். இக்காட்டின் தொல்குடியினராகிய காணிக்காரரே நெடுங்காலமாக வழியறிந்தோர்.

1987-இல் புஷ்பாங்கதன் முதலிய அறிஞர் இம்மலைக்காட்டில் ஆய்வுக்காக நடந்தபோது, உடன்சென்ற காணிக்காரர் ஒருவகைக் காயைத் தின்று சோர்வின்றி நடத்தலைக் கண்டனர். அது யாதென வினவியபோது அவர்கள் எளிதிற் கூறிற்றிலர். அது குடிக்குரிய மறைபொருள். வற்புறுத்தியபின் காட்டிய அச்செடியே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்து பிறந்தது. 1995-இல் அதனைச் செய்யும் உரிமை கோவை நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டபோது, வரும் பொருளிற் பாதி காணிக்காரர்க்கு எனத் தீர்மானமாயிற்று. 1997-இல் அவர்க்கென அறக்கட்டளை தோன்றியது. மலையறிவுக்கு உரிமையாளர் உளர் என்பதை ஏற்ற இச்செயலை உலக அறிஞரும் போற்றினர். எனினும், அது கேரளக் காணிக்காரர்க்கென அமைந்த அறக்கட்டளை. மலைக்குக் கீழ்ப்பால், தமிழ்நாட்டில் வாழும் அக்குடியினரை இப்பங்கீட்டில் யாம் காண்கிலேம். மாநில எல்லை வகுக்குமுன்பே அவ்வறிவு தோன்றியதன்றோ?

பெண்டிர் முடியேறுதலை இக்காணிக்காரரே எதிர்த்துவந்தனர். அகத்தியர் பிரமசாரி என்னும் நம்பிக்கை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. லோபாமுத்திரையை அகத்தியன் மனைவியாகக் கூறும் புராண மரபுக்கு இது மாறுபட்டதாயினும், அவர்தம் வழிபாட்டு மரபை ஏட்டறிவால் எள்ளுதல் தகாது. 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் பெண்டிர்க்கும் வழிதிறந்தது. 2019 சனவரியில் முதற்பெண் முடியேறினார். காணிக்காரர் அடிவாரத்தே கூடித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர், வழியை மறித்திலர்.