ஸ்க்ரூடிரைவர் நுழையும் துளை

என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1972-ஆம் வருடத்து ஃபோர்டு எஃப்-100 டிரக் ஒன்று இருக்கிறது. மிச்சிகனில், டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், இப்படிப்பட்ட பழைய வண்டி தெருவுக்கு ஒன்றாவது தட்டுப்படும். போன கோடையில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். பின் பிரேக்குக்குப் புது ஷூ மாட்டிவிட்டாராம், ஆனால் அடியில் படுக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லையாம். அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து நான் படுத்தேன்.

“டிரம்முக்குப் பின்னால தகட்டுல ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும், பிடுங்கு” என்றார். பிடுங்கினேன். ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு துளை. “ஸ்க்ரூடிரைவரை உள்ள விடு. பல் வெச்ச சக்கரம் ஒண்ணு தட்டுப்படும். ஒவ்வொரு பல்லா நெம்பு. நான் வீலைச் சுத்திட்டே இருக்கேன். லேசா உரசுற சத்தம் வந்ததும் நிறுத்திடு.”

அவ்வளவுதான் வேலை. எனக்கு அது வாழ்க்கையிலேயே முதல் பிரேக் வேலை. கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

அன்று ராத்திரி முழுக்க அந்தத் துளை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எஃகுத் தகட்டில் துளை போடக் காசு ஆகும். துளை இருந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், அதனால் அதற்கொரு ரப்பர் மூடி வேண்டும், அதற்கும் காசு. ஆனாலும் எவரோ ஒருவர் தன் வரைபடத்தில் அதை வரைந்திருக்கிறார். பல வருடம் கழித்து, முகம் தெரியாத ஒருவன், கையில் சாதாரண ஸ்க்ரூடிரைவரோடு இங்கே மல்லாந்து படுத்திருப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என்னை அது உறுத்தியதற்குக் காரணம் உண்டு. கார்களுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். அதிலும் குறிப்பாக, பழுதுபார்க்கும் கருவி ஒன்று வந்து இணையும்போது அதை உள்ளே விடலாமா, கூடாதா என்று முடிவு செய்கிற பகுதி. திங்கள் முதல் வெள்ளி வரை துளைகளை அடைப்பவன் நான்.

*

அமெரிக்கக் காரின் கதையைத் துளைகளின் கதையாகவும் சொல்லலாம். 1908-இல் இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஒரு சோதனை நடந்தது. மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றி, பாகங்களை ஒன்றோடொன்று கலந்து, மறுபடி மூன்று கார்களாகப் பூட்டினார்கள். பின்பு 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் அது கண்கட்டு வித்தை மாதிரி. அதுவரை கார் என்பது கைவினைப் பொருள். ஒரு காரின் பாகம் இன்னொன்றில் உட்கார வேண்டுமென்றால் அரம் எடுத்து ராவ வேண்டும். அந்த நிலைமை மாறினால்தான் ‘உதிரி பாகம்’ என்ற சொல்லுக்கே அர்த்தம் வரும்.

அதே வருடம் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். ஆரம்ப விலை 850 டாலர். 1920-களின் நடுவில் அதன் மலிவான வகை 260 டாலருக்கு இறங்கிவிட்டது. வாங்கியவர்களில் பெரும்பங்கு விவசாயிகள். பக்கத்து ஊருக்கே சேற்றில் போக வேண்டும், மெக்கானிக்குக்கு எங்கே போவது? ஆகவே வண்டியே அதற்கேற்ற மாதிரி இருந்தது. பெட்ரோல் பம்ப் கிடையாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் டாங்க்கிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து வரும். (செங்குத்தான மேட்டில் பெட்ரோல் வராமல் போகும் என்பதால் ரிவர்ஸில் ஏறுவார்கள்.) ஆயில் பம்ப் கிடையாது. முதலில் வந்த சில வண்டிகளைத் தவிர்த்தால் தண்ணீர் பம்ப்பும் கிடையாது, சூடான நீர் மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயற்கையே போதும். இன்ஜினின் தலைப்பாகம் தனியாகக் கழன்று வரும். போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்து, திரும்ப மாட்டிவிடலாம். வண்டியோடு தந்த கையேடு கேள்வி–பதிலாகவே எழுதப்பட்டிருந்தது.

ஃபோர்டு தர்மப்பிரபு என்று இதற்கு அர்த்தமில்லை. சரிசெய்யத் தெரியாத பொருளை அந்த விவசாயி வாங்கவே மாட்டார், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கின் பக்கவிளைவு பெரிது. 1909-இல் கேன்சஸ் சிட்டியில் ஜார்ஜ் பெப்பர்டைன் என்பவர் தபால் மூலம் கார் பாகங்கள் விற்க வெஸ்டர்ன் ஆட்டோவைத் தொடங்கினார். சியர்ஸின் விற்பனைப் பட்டியலிலும் மாடல் டி பாகங்கள் இடம் பிடித்தன. 1925-இல் பாகங்கள் விற்பவர்கள் ஒன்றுசேர்ந்து நாபா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். கார் கம்பெனிக்கு வெளியே, அதன் அனுமதி தேவைப்படாத ஒரு தனி உலகமே முளைத்துவிட்டது. சில்டன் போன்ற பதிப்பகங்களின் தடித்த பழுதுபார்ப்புப் புத்தகங்கள் அந்த உலகத்தின் வேதம்.

*

அந்த உலகத்துக்குப் பெரிய பரீட்சை 1942-இல் வந்தது. பிப்ரவரியோடு மக்களுக்கான கார் உற்பத்தி மொத்தமாக நின்றது. தொழிற்சாலைகள் டாங்கியும் விமானமும் செய்யப் போய்விட்டன. ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவைப் பிடித்ததில் ரப்பர் வரத்து அடிபட்டது. ஜனவரியிலேயே டயருக்கு ரேஷன். ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருப்பவர்கள் மிச்சத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். டயர் தேயக் கூடாது என்பதற்காகவே நாடு முழுக்க மணிக்கு 35 மைல்தான் வேகம். மூன்றரை வருடம் புது கார் இல்லாமல் ஒரு தேசம் பழைய கார்களை வைத்தே ஓட்டியது. கம்பெனிகள் கதவைச் சாத்திக்கொண்டபோதும் வண்டிகள் நிற்கவில்லை, ஏனென்றால் அவற்றை ஓடவைக்கும் அறிவு கம்பெனிகளுக்குள் மட்டும் இருக்கவில்லை.

இதன் நீட்சிதான் கியூபா. 1959 புரட்சிக்கு முன் அந்தத் தீவுக்கு வந்த செவ்ரலே, ப்யூக், பிளிமத் கார்கள் அமெரிக்கத் தடைக்குப் பின் அனாதையாயின. 2011 வரை, சாதாரண மனிதர்கள் தங்களுக்குள் தடையின்றி வாங்கி விற்க முடிந்தது புரட்சிக்கு முந்தைய அந்த வண்டிகளை மட்டும்தான். ஹவானா தெருக்களில் இன்றும் ஓடும் பல வண்டிகளின் பானட்டைத் திறந்தால் உள்ளே ரஷ்ய வோல்காவின் இன்ஜினோ, எங்கிருந்தோ வந்த டீசல் இன்ஜினோ உட்கார்ந்திருக்கும். சுற்றுலாப் பயணிகள் அவற்றின் வண்ணத்தைப் படமெடுக்கிறார்கள். எனக்கு அந்த இன்ஜின்தான் அதிசயம். முன்பின் தெரியாத ஓர் இன்ஜினைப் பொருத்தினாலும் அந்த கார் “நீ யார்?” என்று கேட்கவில்லை.

அமெரிக்காவிலும் இதற்கு உதாரணம் உண்டு. எட் கோல் தலைமையில் உருவாகி 1955-இல் வந்த செவ்ரலேயின் சிறிய வி8 இன்ஜினில் சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே 4.4 அங்குல இடைவெளி. கம்பெனி பல பத்தாண்டுகள் அந்த அளவை மாற்றவே இல்லை. ஒரு தலைமுறையில் வந்த பாகம் அடுத்த தலைமுறை வண்டியிலும் உட்கார்ந்தது. வழித்தோன்றல்களையும் சேர்த்து 2011-இல் 10 கோடியாவது இன்ஜின் வெளிவந்தது. மென்பொருள்காரன் மொழியில் சொன்னால், இடைமுகத்தை உடைக்காமல் காப்பாற்றினார்கள்.

*

இந்த இடத்தில் என்னை நானே கொஞ்சம் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பழைய வண்டியைக் கொண்டாடுவது சுலபம். சரிசெய்வது சுலபமாக இருந்ததற்கு இன்னொரு காரணம், அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருந்தது என்பதுதான். பெரியவரின் டிரக்கில் ஸ்பார்க் வரவைக்கும் பாயின்ட்டுகள் தேயத் தேய டைமிங் நகர்ந்துவிடும். நடுவழியில் அளவுகோல் இல்லையென்றால் தீக்குச்சி அட்டையின் மேலுறையை இடையில் செருகி இடைவெளி வைத்த கதையை அவர் ரசித்துச் சொல்வார். கேட்கச் சுவாரசியம்தான், மழையில் நின்று செய்தவருக்குத்தான் அருமை தெரியும். அந்தக் காலத்து அமெரிக்க கார்கள் பலவற்றில் மைல் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு பூஜ்யம். அதைத் தாண்டி ஓடும் என்று செய்தவர்களே எதிர்பார்க்கவில்லை.

உயிர்க்கணக்கு இன்னும் மோசம். கூட்டாட்சி அரசின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1966-இல் 10 கோடி மைல் பயணத்துக்கு ஐந்துக்கும் மேற்பட்டோர் சாலையில் செத்தார்கள். 2023-இல் அது ஒன்றேகால் அளவில் இருந்தது. பெட்ரோலில் ஈயம் கலந்து, அதன் புகையைக் குழந்தைகள் சுவாசித்தார்கள். பெரியவரின் இன்ஜின் அந்த ஈயப் பெட்ரோலுக்கு என்று செய்ததுதான்.

1970-இன் தூய காற்றுச் சட்டமும் அதைத் தொடர்ந்த விதிகளும்தான் காருக்குள் கணினியைக் கொண்டுவந்தன. 1975-இல் புகையைச் சுத்திகரிக்கும் கன்வர்ட்டர் பரவலாக வந்தது. அதன் பிந்தைய வகை ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் காற்றும் பெட்ரோலும் துல்லியமான விகிதத்தில் கலக்க வேண்டும், சாதாரண கார்புரேட்டரால் அந்தத் துல்லியம் முடியாது. 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எல்லா பெட்ரோல் கார்களிலும் கணினி வைத்தது. நுரையீரலுக்கு நல்லது நடந்தது. மெக்கானிக்குக்கு ஒண்ணும் புரியாமல் போனது. கம்பெனிக்குக் கம்பெனி வேறு இணைப்பு, வேறு குறியீடு.

வேடிக்கை என்னவென்றால், அடைபட்ட துளையை மறுபடி திறந்ததும் அதே புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான். ஒரு வண்டி பழுதாகிப் புகை கக்கினால் அதை எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் சரிசெய்ய முடிய வேண்டும், இல்லையென்றால் சட்டம் போட்டு என்ன பிரயோஜனம்? 1990-இல் வந்த திருத்தம், புகை தொடர்பான பழுதுபார்ப்புத் தகவல்களை எல்லோருக்கும் தர வேண்டும் என்றது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா கார்களிலும் சிறு டிரக்குகளிலும் ஒரே மாதிரி 16 ஊசித் துளை. அதுதான் ஓபிடி-2. பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஃபோர்டு சொன்னாலும் டொயோட்டா சொன்னாலும் அதே அர்த்தம்.

ஆனால் அந்தத் துளை புகைக்கானது. பிரேக், ஏர்பேக், சாவி எல்லாம் வேறு கதவுகளுக்குப் பின்னால் போயின. 2012-இல் மாசசூசெட்ஸ் மக்கள் இதை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். வாக்களித்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஆதரவு. 2014-இல் கார் கம்பெனிகள் அதையே நாடு முழுவதற்குமான ஒப்பந்தமாக ஏற்றன. கார்கள் கம்பியில்லாமல் நேரடியாகக் கம்பெனியோடு பேச ஆரம்பித்ததும் 2020-இல் மறுபடி வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பங்கு ஆதரவு, கையோடு கம்பெனிகளின் வழக்கு.

பூட்டுக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் இருவரும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றை வெகுதூரத்திலிருந்து இணையம் வழியே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அதே வருடம், உரிமையாளர்கள் தங்கள் வண்டியின் மென்பொருளைத் திறந்து பார்க்கலாமா என்ற விவாதத்தில், மக்கள் அதை மாற்றிப் புகையைக் கூட்டிவிடுவார்கள் என்று சுற்றுச்சூழல் துறை ஜூலையில் எதிர்த்தது. செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் வெடித்தது. புகையைக் கூட்டும்படி மென்பொருளை எழுதி, அதைப் பூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது கம்பெனியே.

*

என் வேலையில் அந்தப் பூட்டு இப்படி இருக்கும். கருவி வந்து கதவைத் தட்டினால் கார் ஓர் எண்ணைத் தரும். கருவி அதை ஒரு ரகசியச் சூத்திரத்தில் போட்டு விடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் உள்ளே விடும். இதை எழுதியபோது திருடனை மட்டும்தான் மனதில் வைத்திருந்தேன். அட்டைப்பெட்டியில் படுத்திருப்பவன் நினைவில் வரவில்லை.

இன்றைய கார்கள் பலவற்றில் பார்க்கிங் பிரேக் மோட்டாரில் இயங்குகிறது. பின் பிரேக் பேடு மாற்ற வேண்டுமென்றால் அந்த மோட்டாரைப் பின்வாங்கச் சொல்ல வேண்டும். சில கார்களில் பெடலையும் பட்டனையும் ஒரு வரிசையில் அழுத்தினால் போதும், அது தானாகப் பின்வாங்கும். சிலவற்றில் கருவி வேண்டும். இந்தப் பனிக்காலத்தில் எங்கள் குழுவில் இந்த விஷயம் விவாதத்துக்கு வந்தது. வரைவில் அது பூட்டுக்குப் பின்னால் இருந்தது. பெடல் வரிசையையும் சேர்க்கலாம் என்றேன். கார் நின்றிருந்தால் மட்டும், இன்ஜின் அணைந்திருந்தால் மட்டும் என்று நிபந்தனைகளையும் எழுதிக் கொடுத்தேன். “யார் வீட்டில் உட்கார்ந்து பேடு மாற்றுகிறார்கள்?” என்று கேட்டார் ஒருவர். யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. சோதனை செய்ய நாள் ஆகும், தேதி நெருங்குகிறது. அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று முடிந்தது. இதே தொழிலில் பத்து வருடம் இருந்தவனுக்கு ‘அடுத்த பதிப்பு’ என்றால் என்னவென்று தெரியும்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. “அந்தத் துளையையும் எவனாவது வேணாம்னுதான் சொல்லியிருப்பான். இன்னொருத்தன் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பான்” என்றார்.

அந்தக் கோரிக்கையை நான் மூடவில்லை. எங்கள் பட்டியலில் என் பெயரில் திறந்தே இருக்கிறது. அடுத்த கூட்டம் மார்ச்சில்.