காணாமல் போன 574 புள்ளிகள்

கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் நகரத்தில் முன்பு ஒரு பங்குச்சந்தை இருந்தது. சுரங்கக் கம்பெனிகளின் மலிவுப் பங்குகள் அதிகம் கைமாறிய இடம். 1982 ஜனவரியில் அதற்குப் புதிதாக ஒரு குறியீட்டெண் தொடங்கினார்கள். ஆரம்ப மதிப்பு 1000.000. புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். (நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அந்தப் புள்ளிக்குப் பதில் கமா போடுவோம்.)

1983 நவம்பர் 25, வெள்ளிக்கிழமை மாலை அந்த எண் 524.811. இருபத்திரண்டு மாதத்தில் ஏறக்குறைய பாதி! முந்தைய ஆண்டு ஆகஸ்டிலிருந்தே நியூயார்க் சந்தை ஏறுமுகம். வான்கூவரிலும் பங்கு விலைகள் அப்படி விழவில்லை. தன் பணம் கரைகிறதா வளர்கிறதா என்று இந்த எண்ணைப் பார்த்தவனுக்கு அது தினமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை திருத்திய எண் வந்தது: 1098.892.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் கம்ப்யூட்டர் பழைய எண்ணில் மாற்றத்தைச் சேர்த்துப் புது எண் கண்டது. விடை 540.32567 என்றால் 540.325 மட்டும் எழுதிவிட்டு மீதியை வெட்டியது. நாளொன்றுக்குச் சுமார் 3,000 தடவை இப்படி. ஒரு தடவை போனது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாள் முடிவில் ஏறக்குறைய ஒன்றேகால் புள்ளி.

அரசாங்கக் கணக்கில் நாங்கள் ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக்குவோம், குறைந்தால் விட்டுவிடுவோம். கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் ஈடாகிவிடும். வான்கூவரில் எப்போதும் குறைவுதான். அதைவிடப் பெரிய தப்பு, முன்தொகையை நம்பியே அடுத்த தொகையை எழுதியது. மாதம் ஒருமுறையாவது எல்லாப் பங்குகளின் விலையையும் எடுத்து முதலிலிருந்து கூட்டியிருந்தால் முதல் மாதமே பிடிபட்டிருக்கும். வவுச்சரைப் பார்க்காமல் பேரேட்டை மட்டும் பார்த்த கதை.

வெட்டாவிட்டாலும் கம்ப்யூட்டருக்கு ஒரு சங்கடம் உண்டு. அதற்குத் தெரிந்தது 0, 1 மட்டுமே. நமக்கு மூன்றில் ஒன்று 0.333 என்று முடியாமல் ஓடுவதுபோல, அதற்குப் பத்தில் ஒன்றே முடியாமல் ஓடும்; எங்கேயோ நிறுத்தித்தான் ஆகவேண்டும். அதனால் பணக் கணக்குக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களில் விவரமானவர்கள் பத்து ரூபாய் ஐந்து பைசாவை 10.05 என்று வைப்பதில்லை, 1005 பைசா என்று முழு எண்ணாக வைத்துக்கொள்கிறார்கள்.