சோமாலியாவில் குலமும் அரசியல் சட்டமும்

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கோடியில் உள்ள சோமாலியாவின் சரித்திரத்தை நோக்குவோர்க்கு ஒரு புதிர் எழும். அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் பேசுவது ஒரே மொழி. தழுவுவது ஒரே சமயம். எனினும் ஓர் அரசியல் சட்டத்தின்கீழ் நிலைபெற இயலாது அந்நாடு பல்லாண்டுகள் தத்தளித்தது. பல மொழியாரோடு கூடி வாழும் நாம் இதன் காரணத்தை ஆராய்வது பயன் தருவதாம்.

சோமாலியர் பெரும்பாலும் ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்தவர்கள். நீரையும் புல்லையும் தேடி அலைந்த வறண்ட நிலத்தில் காவல் நிலையம் ஏது? நீதிமன்றம் ஏது? ஒருவன் கொலையுண்டால் அவனுடைய பங்காளிகள் ஈடு கேட்பர். கொன்றவனுடைய பங்காளிகள் கூடி அதனை ஒட்டகங்களாகச் செலுத்துவர். இவ்வழக்காற்றுச் சட்டத்தை 'ஹீர்' என்பர். ஆகவே குலம் அவர்களுக்கு வெறும் பெருமையன்று. உயிருக்கும் உடைமைக்கும் பிணை.

1960 ஜூலை 1-ஆம் நாள் பிரிட்டிஷ், இத்தாலியப் பகுதிகள் இணைந்து குடியரசு பிறந்தது. 1961 ஜூன் மாதத்தில் வாக்கெடுப்பின் வாயிலாக அரசியல் சட்டம் உறுதிபெற்றது. ஆனால் குலங்கள் கட்சி வேடம் புனைந்தன. 1969 மார்ச்சுத் தேர்தலில் 123 இடங்களுக்கு 60-க்கு மேற்பட்ட கட்சிகள் போட்டியிட்டன. அவ்வாண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட, சில நாட்களில் சியாத் பாரே தலைமையில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர்.

பாரே அரசியல் சட்டத்தை ஒழித்தார்; குலப்பற்றைக் குற்றமாக்கி, அதன் உருவப் பொம்மைகளைக் கொளுத்தச் செய்தார். எனினும் தம் உறவுக் குலத்தாரையே நம்பி ஆண்டார். 1991 ஜனவரியில் அவர் வீழ்ந்தபோது துப்பாக்கி ஏந்திய குலங்களே எஞ்சின.

2000-ஆம் ஆண்டில் ஜிபூட்டியின் ஆர்த்தா நகரில் கூடியோர் வேறொரு வழி கண்டனர். நான்கு பெருங்குலங்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. ஏனைய சிறுபான்மையோர் அனைவர்க்கும் சேர்த்து அரைப் பங்கு. 2012-இல் அமைந்த 275 பேர் கொண்ட மக்கள் அவையில் பெருங்குலம் ஒவ்வொன்றுக்கும் 61 இடம், சிறுபான்மையோர்க்கு 31. அவ்வாண்டு ஆகஸ்டு 1-இல் ஏற்கப்பட்ட தற்காலிக அரசியல் சட்டமோ, குல வேறுபாடின்றிக் குடிமக்கள் யாவரும் சமம் என்றது. ஏட்டிலே முழு மனிதர். அவையிலே அரைப் பங்கினர்!

வடக்கே, 1991 மே 18-இல் தனியரசென அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து, 1993-இல் போராமா நகரில் குல முதியோரை மாதக்கணக்கில் பேசவைத்தது. முதியோர்க்கென ஒரு மேலவை அமைந்தது. 2001-இல் அரசியல் சட்டத்தை மக்கள் ஏற்றனர். கட்சித் தேர்தல்கள் அதன் பின்னரே வந்தன.

2024 மார்ச்சு 30-இல் மொகதிஷு நாடாளுமன்றம், மக்களே நேரடியாக வாக்களிக்கும் முறையை நோக்கி முதல் நான்கு அத்தியாயங்களைத் திருத்தியது. மறுநாளே பண்ட்லாந்து மாநிலம், தன் இசைவின்றிச் செய்த திருத்தம் செல்லாது என்றது. ஆளுக்கொரு வாக்கு என்பது நியாயமே. இசைவு பெறாத மாற்றம் ஆதிக்கமாகும் என்ற அச்சமும் நியாயமே.

குலத்தை இல்லையென்று சொல்லி ஒழிக்க முடியவில்லை. அதனைப் பங்குக் கணக்காக்கியதும் சமநீதி தரவில்லை. குலம் அளித்த பாதுகாப்பை அரசு அளிக்கும் நாள் வரை, பொறுமையுடன் பேசி இசைவு பெறுதலே வழி என்பது நம் துணிபு.