பினாங்கில் சமயத் தணிக்கையும் கலைஞர்களும்

மலேசியாவில் இஸ்லாமிய நிர்வாகம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. சுல்தான் உள்ள மாநிலத்தில் அவரே சமயத் தலைவர். சுல்தான் இல்லாத பினாங்கில் அந்தப் பொறுப்பு மாமன்னருடையது. ஓரிடத்தில் தடைபட்டது வேறிடத்தில் அச்சேறவும் அரங்கேறவும் இந்த அமைப்பே வழிவிட்டது.

பிரிட்டிஷ் ஆட்சியில் பினாங்கு நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்று. மலாய் மாநிலங்களின் சமய அதிகாரிகளோடு முரண்பட்ட 'காவும் மூடா' எனும் சீர்திருத்த அணியினர் இங்கும் சிங்கப்பூரிலும் ஓரளவு தடையின்றி எழுதினர். அவர்களுள் முக்கியமானவர் சையது ஷேக் அல்-ஹாடி. 1925-26இல் வெளிவந்த அவரது 'ஃபரிதா ஹானோம்' நாவல் கெய்ரோவில் நடக்கும் காதல் கதை. பெண்கல்வி, மணமகனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை என உள்ளூரில் பேசக் கூச்சப்பட்டவற்றை எகிப்தியப் பெண்ணின் வாயால் பேசவைத்தார். புத்தகம் நன்றாக விற்றது. 1927இல் பினாங்கின் ஜெலுத்தோங்கில் அவருக்குச் சொந்த அச்சகமும் வந்தது. ஆனாலும் பெண்ணுக்காகப் பேசியவர் ஓர் ஆண்தான்.

பினாங்குக்கு வெளியே, கிளந்தான் மாநிலத்தில் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி 1990இல் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டே மாக் யோங் எனும் மரபு நாடகத்தைத் தடைசெய்தது. அதில் அரசன் வேடத்தையும் பெண்ணே ஏற்பாள். கலைஞர்கள் அதை விட்டுவிடவில்லை. கிராமங்களில் நோய் தீர்க்கும் சடங்காக இரவில் தொடர்ந்தனர். 2005இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அருவப் பாரம்பரியக் கலையாக அறிவித்த பிறகும், தடை நிபந்தனைகளோடு தளர 2019 ஆயிற்று.

இஸ்லாமியச் சகோதரிகள் என்ற பெண்கள் அமைப்போ தடைக்கு எதிராக நீதிமன்றத்தை நாடியது. தீவிரவாதமும் முஸ்லிம் பெண்களும் குறித்து அது வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பை உள்துறை அமைச்சு 2008இல் தடைசெய்தது; 2010இல் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது.

2018 ஆகஸ்டில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் விழாவில் ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. மலேசியப் பிரமுகர்கள் தேசியக் கொடியோடு நின்ற படங்கள் அவை. திருநங்கைச் செயற்பாட்டாளர் நிஷா அயூப், ஓரினச்சேர்க்கையாளர் உரிமைக்காகப் போராடும் பாங் கீ தெய்க் ஆகியோரின் படங்கள், சமய விவகார அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவாவின் உத்தரவால் அகற்றப்பட்டன. நிஷா 2016இல் அமெரிக்க அரசின் துணிவுமிகு பெண்களுக்கான சர்வதேச விருது பெற்றவர். சீர்திருத்தம் பேசி மே மாதம் ஆட்சியைப் பிடித்த கூட்டணியின் அமைச்சரே இதைச் செய்தது பலரை உறுத்தியது. அதே கண்காட்சியில் மரினா மகாதீரின் படமும் இருந்தது. இஸ்லாமியச் சகோதரிகள் அமைப்பில் இயங்கிவந்த அவர், அன்றைய பிரதமரின் மகள். அந்த இருவர் படம் இல்லாத சுவரில் தன் படமும் வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.